மிதிக்காதீர்கள், அங்கே பாகற்கொடி

எங்கள் தெருவில் முளைக்காத செடிக்காக இரண்டு பெண்கள் சண்டை போட்டு, இரண்டு நாள் முகம் பார்க்காமல் இருந்தது ஒரே ஒரு முறைதான் நடந்திருக்கிறது. அதில் ஒருத்தி நான். இன்னொருத்தி பக்கத்து வீட்டு ஜோதிமணி. அவளுடைய பூசணிக்கொடி என் காம்பவுண்டுச் சுவரில் ஏறலாமா, கூடாதா என்பதுதான் வழக்கு. அந்தக் கொடி அப்போது எங்கே இருந்தது என்று கேட்கிறீர்களா? ஒரு காகிதப் பொட்டலத்துக்குள் விதையாக இருந்தது. பொட்டலத்தை அவள் இன்னும் பிரிக்கக்கூட இல்லை.

"இதா பாரு ஜோதி, உன் கொடி என் சொவத்துல ஏறுச்சுன்னா பெயிண்டு போயிடும். நான் அறுத்துடுவன், ஆமா" என்றேன்.

"அறுத்துருவீங்களா? ஏனுங்க்கா, ஒரு பச்சப்புள்ளயப் போயி அறுப்பேங்கறீங்களே!"

"எங்கம்மா புள்ள? பொட்டலமே பிரிக்கல!"

அவள் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மூன்றாம் நாள் அவளே டீயோடு வந்து, "மொதக் காய் உங்களுக்குத்தானுங்க்கா" என்றாள். "ரெண்டாவதும்" என்றேன் நான். சமாதானம் ஆகிவிட்டது.

என் பெயர் சம்பங்கி. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். உத்தனப்பள்ளியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, இருபது வயது வரை தக்காளி பறித்து, முள்ளங்கி கழுவி, கோஸ் மூட்டை தைத்து, போதுமடா சாமி, இனி மண்ணைத் தொடுவதில்லை என்று முடிவு கட்டி மாநில எல்லையில் இருக்கும் ஜூஜுவாடிக்குக் கல்யாணமாகி வந்தவள். வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருக்கிறேன். என் வாசல் முழுக்க டைல்ஸ். ஒரு தொட்டிச் செடி உண்டு, அது பிளாஸ்டிக். வாரத்துக்கு ஒரு முறை துடைத்தால் போதும்.

இப்படிப்பட்ட எனக்குப் பக்கத்து வீடாக ஜோதிமணி வந்து சேர்ந்தாள். நாற்பத்தொரு வயது, கரூர்ப் பக்கத்துக்காரி. பைக் எஞ்சினுக்குள் போகும் விரல் நீள இரும்புப் பின்கள் செய்கிற ஒரு கம்பெனியில் பதினோரு வருடமாக வேலை. செய்து முடித்த பின்கள் எல்லாம் கடைசியில் அவள் மேஜைக்கு வரும். ஒரு நாளைக்கு ஆயிரத்து ஐந்நூறு பின்னைக் கையில் எடுத்து, அளவு பார்க்கும் கேஜில் விட்டுப் பார்த்து, விளக்கு வெளிச்சத்தில் உருட்டி, நல்லதைப் பச்சைத் தொட்டியிலும், சரிசெய்யக் கூடிய 'ரீவொர்க்'கை மஞ்சள் தொட்டியிலும், தேறாததைச் சிவப்புத் தொட்டியிலும் போடுவாள். அவள் பாஸ் செய்த பின்களில் ஒன்றுகூட இதுவரை திரும்பி வந்ததில்லை என்று சொல்லும்போது அவள் கழுத்து கொஞ்சம் நீளும்.

அந்தக் கண்ணைக் கம்பெனியிலேயே வைத்துவிட்டு வரமாட்டாள். என் வீட்டு இட்லித் தட்டைப் பார்த்து, "இதுல ரெண்டு ரீவொர்க்குங்க்கா" என்பாள். நான் தைத்த ஜாக்கெட்டின் கொக்கியை நகத்தால் தட்டிப் பார்த்து, "ஒண்ணு மட்டும் அரை மில்லி எறக்கம்" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கொக்கியை அளந்து பார்த்தால் அவள் சொன்னது சரியாக இருக்கும். அப்போது இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

பதினான்கு வருடம் அவளும் அவள் கணவர் ராஜேஷ்குமாரும் வாடகை லைன் வீடுகளில் இருந்தார்கள். ஒரு வீட்டுக்காரர் மாடியில் கறிவேப்பிலைத் தொட்டி வைத்தால் தளம் ஒழுகும் என்று எடுக்கச் சொன்னாராம். இன்னொருவர் படிக்கட்டில் வைத்த ஓமவல்லியைக் கால் தடுக்குகிறது என்று குப்பையில் போட்டாராம். போன ஆவணியில்தான் சொந்த வீட்டுக்குக் குடிவந்தார்கள். சின்ன வீடுதான். ஆனால் கேட்டுக்கும் படிக்கும் நடுவில் எட்டடி அகலம், பதினான்கடி நீளத்துக்கு வெறும் மண். ஜோதிமணிக்கு வீட்டைவிட அந்த மண்தான் பெரிதாகப் பட்டது.

அதே மண்ணின் மேல் ராஜேஷ்குமாருக்கும் ஒரு கண். அவர் வேறொரு கம்பெனியில் சி.என்.சி. மெஷின் ஓட்டுகிறவர். அதிகம் பேசாத மனிதர். அவருக்குக் கார் ஆசை. அத்திப்பள்ளியில் அவரோடு வேலை செய்யும் ஒருவர் தன் பழைய காரை, அடுத்த மாநிலத்துக் கே.ஏ. நம்பர் போட்டதைக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். அந்தக் காரின் படத்தைப் போனில் விரித்து விரித்துப் பார்ப்பார். காரை நிறுத்த அந்த மண்ணில் கான்கிரீட் போட வேண்டும். ஒரே வீட்டில் இரண்டு பைத்தியம். ஒன்றுக்குச் சக்கரம் வேண்டும், இன்னொன்றுக்கு வேர்.

பொங்கல் முடிந்த வாரத்தில், தெருக்கோடியில் கட்டட வேலை நடந்த இடத்தில் மீந்த மணலை ராஜேஷ்குமார் டிராக்டரில் கொண்டுவந்து வாசலில் கொட்டினார். குழாயடி மூலையில் இடுப்பளவுக்கு ஒரு குவியல். ஜோதிமணி வேலையிலிருந்து வந்து அதைப் பார்த்தாள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"என்னங்க இது?"

"மணல்."

"அது தெரியுது. எதுக்கு?"

அவர் என்னைப் பார்த்தார். நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, காதை அந்தப் பக்கம் வைத்திருந்தேன். சாட்சிக்கு ஆள் இருக்கிற தைரியத்தில் அவர் சொன்னார்: "யுகாதி கழிஞ்சு வர்ற ஞாயித்துக்கெழம மேஸ்திரி வர்றாரு. அதுக்குள்ள இந்த எடத்துல ஒரே ஒரு செடி, நாலே நாலு எலையோட நின்னுச்சுன்னா மண்ணு மண்ணாவே இருக்கட்டும். இல்லைன்னா கான்கிரீட். சரியா?"

"சரி" என்றாள் ஜோதிமணி. யோசிக்கவே இல்லை. இரண்டு மாதம் இருக்கிறது, நாலு இலை எந்த மூலைக்கு என்று நினைத்துவிட்டாள். அவர் உள்ளே போன பிறகு சுவர் ஓரமாக வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "இந்த மண்ணயும் மூடிட்டா நான் மறுபடி வாடகை வீட்டுல இருக்கற மாதிரிதானுங்க்கா." சொல்லும்போது அவள் முகம் சின்னதாகிவிட்டது. எனக்கு என்னவோ போல் இருந்தது. ஆனாலும் நான் மண்ணைத் தொடாதவள், எனக்கென்ன வந்தது என்று மெஷினில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

மறுநாள் முதல் அவளுக்குப் பித்தம் தலைக்கேறியது. கம்பெனி ரிஜெக்ட் சீட்டின் பின்பக்கத்தில் ஸ்கேல் வைத்துத் தோட்டம் வரைந்தாள். இங்கே கத்தரி, அங்கே வெண்டை, கேட்டு ஓரம் பீர்க்கு, என் சுவரோரம் பூசணி, படிக்கு இடப்பக்கம் பாகல். கம்பெனி பஸ்ஸில் போகும்போதே காயெல்லாம் பங்கு பிரித்தாகிவிட்டது. டிரைவருக்கு வெண்டை, சூப்பர்வைசருக்குப் பாகல், அதுவும் அவருக்குச் சர்க்கரை இருப்பதால். கேன்டீன் அக்காவுக்குக் கத்தரி என்று சொல்லிவிட்டு, வந்து என்னிடம் கவலைப்பட்டாள்: "கத்தரி பத்தாதுன்னு நெனைக்கறேனுங்க்கா. பேசாம இன்னொரு வரிச போட்டுக்கலாமா?"

"போடும்மா, போடு. இருக்கற கத்தரியே தாங்காம கெளையெல்லாம் ஒடியுது, இல்ல?" என்றேன். அவளுக்குக் கிண்டல் ஏறவே இல்லை. நிஜமாகவே கிளைகளுக்குக் குச்சி நடுவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள்.

ஒரு நாள் அவள் வீட்டுக்குப் புளி வாங்கப் போனேன். கேட்டைத் திறந்து இரண்டடி வைத்திருப்பேன். "அய்யோ அக்கா, அங்க மிதிக்காதீங்க, பாகக்கொடி இருக்குது!" என்று கத்தினாள். குனிந்து பார்த்தேன். வெறும் மண். கட்டடம் கட்டியவர்கள் விட்டுப்போன ஒரு சிமெண்டுக் கட்டி. நான் என்ன செய்தேன் தெரியுமா? காலைத் தூக்கி, சுற்றிக்கொண்டு போனேன். எனக்கே வெட்கமாக இருந்தது. பத்து நாளில் பால்காரரும் சுற்றிக்கொண்டுதான் போனார். கேஸ் சிலிண்டர் போடுகிறவர் தோளில் சிலிண்டரோடு வெண்டை வரிசையைத் தாண்டிக் கால் வைத்ததை நான் மாடியிலிருந்து பார்த்து, துணி காயப்போடும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

விதைகளைத் தரம் பிரித்த நாளை நான் மறக்க மாட்டேன். மூன்று கிண்ணம், ஒரு பூதக்கண்ணாடி, மேஜை விளக்கு. பூசணி விதை நாற்பது இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து விளக்கில் பிடித்தாள். "ஓரம் மடிஞ்சிருக்குது." சிவப்புக் கிண்ணம். "வெயிட்டு இல்ல." சிவப்புக் கிண்ணம். "நெறம் கம்மி." சிவப்புக் கிண்ணம்.

"கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்க வர்றவங்ககூட இவ்ளோ கொற சொல்ல மாட்டாங்கம்மா" என்றேன்.

"பாத்துப் பாஸ் பண்ணாத்தானுங்க்கா பின்னால கம்ப்ளெயிண்ட் வராது."

சிவப்புக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். அந்த மணல் குவியலைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. "உனக்கு இதுங்கதான் லாயக்கு" என்று கிண்ணத்தை அதன் மேல் கவிழ்த்துவிட்டு வந்தாள்.

நல்ல விதைகளை அன்றைக்கே ஊன்ற வேண்டும் என்று துடித்தாள். எங்கள் ஊர்க் குளிர் அவளுக்குப் பதினான்கு வருடம் கழித்தும் புரியவில்லை. அவள் ஊரில் தை பிறந்தால் வெயில் எட்டிப் பார்த்துவிடுமாம். இங்கே காலை ஏழு மணிக்குக்கூட ஹைவேயில் லாரிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு பனியில் ஊர்ந்து வரும். சிவராத்திரி வரைக்கும் என் ஸ்வெட்டர் பீரோவுக்குள் போகாது. மண்ணைத் தொட்டால் கை விறைக்கும்.

"சிவராத்திரி போகட்டும் ஜோதி. இந்தக் குளுருக்கு வெத தூங்கும்" என்று ஒரே ஒரு முறை சொன்னேன். விவசாயத்தைப் பற்றி நான் பேசியது கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் முறை.

"நான் எழுப்பிக்கறேனுங்க்கா" என்றாள்.

அவள் எழுப்புகிற விதம் எனக்கு ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. அவளுக்கு முதல் ஷிப்டு. விடியற்காலை பஸ் ஏறினால் மூன்று மணிக்கு வீடு. அன்றைக்கு மூன்றேகாலுக்கு நான் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். கீழே ஜோதிமணி கம்பெனி ஜெர்கினும் காதைச் சுற்றிய ஸ்கார்ஃபுமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் டீ ஸ்பூன். ஸ்பூனால் மண்ணைத் தோண்டினாள். விதையை எடுத்தாள். துடைத்தாள். பூதக்கண்ணாடியில் பார்த்தாள். நோட்டில் ஏதோ எழுதினாள். திரும்ப ஊன்றி, மண்ணைத் தட்டிக் கொடுத்தாள். அடுத்த குழிக்கு நகர்ந்தாள்.

"ஏய்! என்னா பண்ற?" என்று மாடியிலிருந்தே கத்தினேன்.

"இன்ஸ்பெக்ஷனுங்க்கா! நேத்தைக்கு இன்னைக்கு மூணாம் நம்பரு கொஞ்சம் உப்பியிருக்குது!"

"தெனமுமா தோண்டற?"

"பின்ன? உள்ள என்ன நடக்குதுன்னு பாக்காம எப்படிங்க்கா விடறது?"

எனக்கு வந்த கோபத்தில் துணியெல்லாம் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு கீழே ஓடினேன். விவசாயம் தெரிந்தவள் யாரும் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. "தோண்டாத, தோண்டாத, வத்து, வத்து" என்று தமிழும் தெலுங்குமாகத் திட்டினேன். தலையைத் தலையை ஆட்டினாள். மறுநாள் மூன்றேகாலுக்கு எட்டிப் பார்த்தால், ஸ்பூனை முந்தானையில் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பதினோரு வருடம் பார்த்துப் பார்த்துப் பழகிய கை, பார்க்காமல் விடு என்றால் விடுமா?

மாசி பிறந்த வாரம் ஒரு நாள் என் வீட்டுக் கதவு இடிபட்டது. திறந்தால் ஜோதிமணி. மூச்சு வாங்குகிறது, கண்ணெல்லாம் தண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு. உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். ஒரு பூசணி விதை. அதன் கூர்முனை வெடித்து, வெள்ளையாக, ஒரு அரிசி நீளத்துக்கு வேர் எட்டிப் பார்த்தது.

"மொளச்சிருச்சுங்க்கா! மொளச்சிருச்சு!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். நானும் குதித்தேன். ஏன் குதித்தேன் என்று இன்று வரை எனக்குத் தெரியவில்லை. மெஷினில் பாதி தைத்த பிளவுஸ் தொங்க, டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, நாற்பத்தெட்டு வயதுக்காரி குதித்தேன். குதித்து முடித்துப் பார்த்தால் அவள் கையில் விதை மட்டும் இருந்தது. வேர் ஒடிந்து விழுந்திருந்தது.

அவள் தரையில் உட்கார்ந்து அந்த அரிசி நீள வேரைத் தேடினாள். டைல்ஸில் அது கிடைத்தது. அதை எடுத்து விதையின் வாயில் பொருத்திப் பார்த்தாள். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. திட்ட வாயெடுத்தவள், அடுப்படிக்குப் போய் அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன்.

சிவராத்திரி கழிந்தது. சொல்லி வைத்தாற்போல் குளிர் போய்விட்டது. ஸ்வெட்டர் பீரோவுக்குள் போனது. ஜோதிமணி புதுப் பொட்டலங்கள் வாங்கி வந்து, மறுபடி மூன்று கிண்ணம், மறுபடி விளக்கு, மறுபடி தேறாததை எல்லாம் மணல் குவியலில் எறிந்து, நல்லதை ஊன்றினாள். இந்த முறை தோண்டவே மாட்டேன் என்று என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். என் தலை இன்னும் இருப்பது தெய்வாதீனம். இரண்டாம் நாளே தோண்டிவிட்டாள். வெடித்தது, உப்பியது, நிறம் மாறியது என்று நோட்டில் ஐந்து பக்கம் நிரம்பியது. மண்ணுக்கு மேலே ஒரு பச்சைப் புள்ளிகூட வரவில்லை. ராஜேஷ்குமார் தினமும் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு வண்டியை எடுப்பார். ஒன்றும் சொல்ல மாட்டார். அவர் சொல்லாமல் இருப்பதே ஜோதிமணிக்குப் பயமாக இருந்தது. நாளைக் காலண்டரில் எண்ண ஆரம்பித்தாள். பஸ்ஸில் பங்கு கொடுத்த காய்களைப் பற்றி யாராவது கேட்டால் தூங்குவது போல் இருந்துவிடுகிறாளாம்.

யுகாதிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, காலை பத்து மணிக்கு நான் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். தற்செயலாக அந்த மணல் குவியலைப் பார்த்தேன். குழாய்ப் பக்கமாக, சரிந்து மெலிந்த ஓரத்தில், ஏதோ பச்சையாக இருந்தது. பிளாஸ்டிக் கவராக இருக்கும் என்று நினைத்தேன். பிளாஸ்டிக் கவர் காற்றில் அசையும், இது அசையவில்லை.

செருப்பு போடாமல் ஓடினேன். ஐந்து. மூன்று பூசணி, இரண்டு பீர்க்கு. தடித்த இரண்டு விதையிலையை விரித்து, தலையில் ஒட்டியிருந்த விதைத்தோலைக்கூட உதறாமல், ஒவ்வொன்றும் அப்படி நிமிர்ந்து நின்றன. வெயிலில் சுட்ட மணல், சொட்டுகிற குழாய், தோண்டிப் பார்க்க யாரும் இல்லை. வேறென்ன வேண்டும்? அவள் சிவப்புக் கிண்ணத்தில் போட்டுத் துரத்திய விதைகள்!

"ஜோதி!" என்று கத்த வாயைத் திறந்தேன். நல்ல வேளை, அவள் கம்பெனியில் இருந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டேன். சொன்னால் என்ன செய்வாள்? ஸ்பூனோடு வருவாள். வேர் எப்படி இருக்கிறது என்று பார்ப்பாள். ஐந்தும் போய்விடும்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. ஓட்டை ஓட்டையாக இருக்கும் என் பழைய துணிக்கூடையை எடுத்துப் போய் அவற்றின் மேல் கவிழ்த்தேன். காலையில் ஜோதிமணி வேலைக்குப் போனதும் எடுப்பேன். மதியம் இரண்டரைக்கு மூடுவேன். அவள் மணலைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வதால் இரண்டு நாள் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள் கேட்டாள்: "அந்தக் கூடை உங்களுதாங்க்கா?"

"ஆமாம்மா, மாடியிலருந்து காத்துல விழுந்துடுச்சு. அப்புறமா எடுத்துக்கறன்."

"நான் எடுத்துத் தரட்டுமாங்க்கா?"

"தொடாத!" என்று அலறிவிட்டேன். பிறகு, "அதுல பல்லி இருக்கு" என்றேன். பல்லிக்கு அவள் காத தூரம் ஓடுவாள். எங்கள் தெருவில் அந்த மூன்று நாளும் காற்றே அடிக்கவில்லை என்பது அவளுக்குத் தோன்றாதது என் அதிர்ஷ்டம்.

மண்ணைத் தொடாத சம்பங்கி, காலையில் பல் விளக்குமுன் இலை எண்ண ஓடினேன். மூன்றாவது இலை வந்த அன்று வாடிக்கையாளர் ஒருத்தியின் ஜாக்கெட்டில் கையை மாற்றித் தைத்துவிட்டேன். ஒரு விஷயம் மட்டும் புரியவில்லை. நான் தண்ணீர் ஊற்றும் முன்பே சில நாள் மணல் ஈரமாக இருந்தது. குழாய் சொட்டுகிறது, அதுதான் என்று விட்டுவிட்டேன். எனக்குப் பயமெல்லாம் ராஜேஷ்குமார் மேல்தான். வண்டி கழுவ அந்தக் குழாயடிக்குத்தான் வருவார். பார்த்தால் பிடுங்கி எறிந்துவிட்டால்?

யுகாதி வந்தது. பருப்புப் போளி, எங்கள் பக்கத்து ஒப்பட்டு, சுட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஜோதிமணி ஒரு வாய் தின்றுவிட்டு, "ஒரு செடிகூட வல்லீங்க்கா. நமக்கு மண்ணு ராசியில்ல போல" என்றாள். ஒப்பட்டில் ஒரு குறைகூடச் சொல்லவில்லை. ஓரம் கருகிய ஒப்பட்டு அது. அதைக்கூட அவள் கவனிக்கவில்லை. அப்போதே சொல்லிவிட நினைத்தேன். ஆனால் மூன்று இலைதான் இருந்தது. கணக்கு நாலு.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு மேஸ்திரி ரத்தினவேல் சாந்துச் சட்டியும் மண்வெட்டியுமாக வந்துவிட்டார். ஜோதிமணி அதைப் பார்க்க மாட்டேன் என்று என் வீட்டுக்கு வந்து, தையல் மெஷினுக்குப் பின்னால், கட்டிங் துணி மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டாள். நான் ஜன்னலில் நின்றேன். மேஸ்திரி மண்வெட்டியை ஓங்கிக்கொண்டு மணல் குவியலை நோக்கிப் போனார். எனக்கு உயிரே போயிற்று.

"ஜோதி, எழுந்திரு! ஓடு!" என்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன்.

நாங்கள் கேட்டுக்கு வரும்போது, மேஸ்திரிக்கும் மணலுக்கும் நடுவில் ராஜேஷ்குமார் நின்றுகொண்டிருந்தார். இரண்டு கையையும் விரித்து நின்றார்.

"மேஸ்திரி, மணல் இல்ல. இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

மேஸ்திரி அவரைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் இடுப்பளவு நின்ற குவியலைப் பார்த்தார். "அப்ப இது என்னா, ரவையா?"

"அது... அது வேற வேலைக்கு."

நான் போய் என் கூடையைத் தூக்கினேன். ஐந்து கொடியும் வெயிலைப் பார்த்தன. ஜோதிமணி நின்ற இடத்திலேயே நின்றாள்.

"வண்டி கழுவுறப்ப பாத்தேன், பத்து நாளைக்கு முன்னாடி" என்றார் ராஜேஷ்குமார், மணலைப் பார்த்தே. "சொன்னா நீ தோண்டிருவே. அதான் ஒரு மக்கு தண்ணி ஊத்திட்டுக் கம்முனு இருந்துட்டேன். யாரோ கூடை வெச்சு மூடியிருந்தாங்க. சரி, நமக்கு ஒரு ஆள் இருக்குதுன்னு நெனச்சுக்கிட்டேன்."

"உங்களுக்குக் கார் வேணும்ல?"

"வேணும்தான். அது ரோட்டுல நின்னாலும் கார்தான." அப்புறம் சொன்னார்: "பதினோரு வருசத்துல நீ சிரிச்சுக்கிட்டே பஸ் ஏறுனது இந்த ரெண்டு மாசந்தான், ஜோதி."

ஜோதிமணி மணல் ஓரத்தில் மண்டியிட்டாள். "இது என்ற ரிஜெக்ட்டுங்க. ஓரம் மடிஞ்சதுன்னு நாந்தான் தூக்கிப் போட்டேன்" என்றாள். அழுதுகொண்டே அவள் விரல் தானாக அந்தத் தண்டின் அடிக்குப் போயிற்று, மணலை விலக்க.

"கை!" என்று நானும் ராஜேஷ்குமாரும் ஒன்றாகக் கத்தினோம்.

கையை வெடுக்கென்று இழுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். அப்படியே குனிந்து இலையை எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது இலை அன்று காலைதான் சுருள் பிரிந்துகொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். முகம் வாடியிருந்தது.

"நாலு இல்லீங்க. நாலாவது முழுசா விரியல. மூணே முக்கால்தான் இருக்குது."

இப்படி ஒருத்தியை நான் பார்த்ததே இல்லை. ஜெயித்த பிறகும் அளவு குறைகிறது என்று தானே சொல்கிறாள்!

"பாஸ் பண்ணிரு ஜோதி" என்றார் ராஜேஷ்குமார்.

அவள் என்னைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். அந்த மூணே முக்கால் இலையை வெகு நேரம் பார்த்தாள். பிறகு, முதுகுக்குப் பின்னால் கட்டிய கையை எடுக்காமலே, "பாஸ்" என்றாள். பதினோரு வருடத்தில் அளவு குறைந்த ஒன்றை அவள் பாஸ் செய்தது அன்றுதான். சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். எனக்கும் தொற்றிக்கொண்டது. ராஜேஷ்குமாருக்குச் சிரிக்க வரும் என்று அன்றுதான் தெரிந்தது.

சிரிப்பெல்லாம் அடங்கிய பிறகு அவள் தயங்கித் தயங்கி என் சுவரைப் பார்த்தாள். "அக்கா, பூசணி வளந்தா..."

"பாரு" என்றேன். சுவரில் வரிசையாக ஆறு ஆணி அடித்து, என் நைலான் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி மூன்று நாளாகிறது. பெயிண்டு நாலு இடத்தில் உதிர்ந்திருந்தது.

மேஸ்திரிக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீணாய்ப் போன எரிச்சலில் சட்டியைத் தூக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டு, வெறும் மண்ணின் குறுக்கே விறுவிறுவென்று கேட்டை நோக்கி நடந்தார்.

"அய்யோ, அங்க மிதிக்காதீங்க, பாகக்கொடி இருக்குது!" என்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம்.

மேஸ்திரி ஒற்றைக் காலைத் தூக்கியபடியே நின்றார். கீழே பார்த்தார். எங்களைப் பார்த்தார். பிறகு காலை மெல்ல எடுத்து, சுற்றிக்கொண்டு போனார்.